ஆங்கில நெடுஞ்சொற்களில் அசையும் அழுத்தமும்

ஆங்கிலச் சொல்லில் உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை என்பது பொதுக் கணக்கு. 'யுனிவர்சிட்டி' ஐந்து அசை. இடையில் நிற்கும் மெய், இயன்றவரை அடுத்த அசையோடு சேரும். அசைகளுள் ஒன்று ஓங்கி ஒலிப்பது முதன்மையழுத்தம்; நீண்ட சொற்களில் துணையழுத்தமும் உண்டு. 'எக்ஸாமினேஷன்' என்பதில் முதன்மை நான்காம் அசையில், துணை இரண்டாம் அசையில். அழுத்தம் பெறாத உயிர்கள் பெரும்பாலும் மங்கிக் குறுகிவிடும். தமிழ் எழுத்தில் பெயர்க்கும்போது இம்மங்கல் மறைந்துபோகிறது.

பழைய ஆங்கிலத்தில், ஜெர்மானியக் கிளைமொழிகளின் பொது வழக்கப்படி, பெயர்ச்சொல் முதலசையில் அழுத்தம் பெற்றது. முன்னொட்டு பெற்ற வினைகளில் அழுத்தம் பெரும்பாலும் வேரில் நின்றது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் குவிந்த பிரெஞ்சுச் சொற்கள் இறுதியில் அழுத்தத்தோடு வந்தன. 14ஆம் நூற்றாண்டில் சாஸரின் செய்யுளில் 'நேச்சர்' இரண்டாம் அசையில் அழுத்தம் பெறுவதைக் காணலாம். பின்னர் முதலசை வழக்கமே வென்றது. மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீன் சொற்கள் திரளாக நுழைந்தபோது அம்மொழியின் விதியும் உடன் வந்தது: ஈற்றயலசை நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அதற்கே ('அஜெண்டா'), இல்லையேல் ஈற்றிலிருந்து மூன்றாவதற்கு ('அமெரிக்கா'). நெடுஞ்சொற்களை வலமிருந்து எண்ண வேண்டியிருப்பது இதனால்தான்.

பின்னொட்டுகள் மூவகை. 'நெஸ்', 'லெஸ்' போன்றவை அழுத்தத்தை அசைப்பதில்லை. 'இட்டி', 'இக்', 'ஷன்' ஆகியவை தமக்கு முன்னுள்ள அசைக்கு அதை இழுக்கின்றன: 'யுனிவர்ஸ்' முதலசையில், 'யுனிவர்சிட்டி' மூன்றாமசையில், 'போட்டோகிராஃப்' முதலசையில், 'போட்டோகிராஃபிக்' மூன்றாமசையில். 'கத்தோலிக்', 'பாலிடிக்ஸ்' ஆகியவை இதற்கு அடங்காமல் முதலசையிலேயே நிற்கின்றன. மூன்றாம் வகை அழுத்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். 'இன்ஜினியர்', 'ஜப்பனீஸ்' இரண்டும் கடைசி அசையில் ஓங்குவன. நம்மவர் பலர் முதலசையில் ஓங்குவது இங்கேதான்.

சாமுவேல் ஜான்சனின் அகராதி (1755) அழுத்தக் குறி இட்டது; ஜான் வாக்கர் (1791) உச்சரிப்பையே அகராதிப் பொருளாக்கினார். 'பால்கனி' முன்பு இரண்டாமசையில் அழுத்தம் பெற்ற சொல். 19ஆம் நூற்றாண்டில் அது முதலசைக்கு நகர்ந்ததைக் கவிஞர் சாமுவேல் ரோஜர்ஸ் வெறுத்தார். டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதி 1917இல் வந்தது. மொழியியலாளர்கள் சாம்ஸ்கியும் ஹாலேயும் 1968இல் அழுத்தத்தை ஒலியமைப்பு விதிகளிலிருந்தே வருவித்தார்கள். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் என்னும் பழைய கருத்துக்கு அது தக்க மறுப்பு.

இன்று 'லெபாரட்டரி' பிரிட்டனில் இரண்டாமசையிலும் அமெரிக்காவில் முதலசையிலும் அழுத்தம் பெறுகிறது. 'கான்ட்ரவர்சி' பிரிட்டனிலேயே இருவகையாக ஒலிக்கிறது.