நுண்கசிவு (பல் அடைப்பு)

சொத்தையைக் குடைந்தெடுத்துப் பல்லை அடைத்தபின், அடைப்புக்கும் பல்லின் சுவருக்கும் இடையே எஞ்சும் நுண்ணிய இடுக்கு வழியாக உமிழ்நீரும் பாக்டீரியாக்களும் உட்புகுவது நுண்கசிவு எனப்படும். பல் கூச்சம், அடைப்போரம் கறுத்தல், அடைப்பின் அடியில் மீண்டும் சொத்தை, பற்கூழ் அழற்சி ஆகியவை இதனால் நேரலாம்.

சூடும் குளிரும் இந்த இடுக்கைப் பெரிதாக்குகின்றன. ஒரு பாகை வெப்பம் கூடினால் பல் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 11 பங்கு விரிகிறது. அடைப்புப் பொருளான அமால்கம் 25 பங்கு அளவுக்கு விரியும். மற்றொரு அடைப்புப் பொருளான காம்போசிட் பிசின் பெரும்பாலும் அதையும் விஞ்சும். ஆகவே ஒவ்வொரு வாய்க் காப்பிக்கும் ஐஸ்கிரீமுக்கும் இடுக்கில் திரவம் போய்வருகிறது.

'வெள்ளி அடைப்பு' எனப்படும் அமால்கம் பல்லோடு ஒட்டுவதே இல்லை. குழியின் வடிவம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. அதனால் புதிதாக வைத்தபோது கசியும். நாளடைவில் அந்த உலோகம் அரிபட்டு, வெள்ளீயச் சேர்மங்கள் இடுக்கில் படிந்து, கசிவு குறைகிறது. பிற இடங்களில் குறையாகிய அரிப்பு இங்கே உதவிக்கு வருவது விந்தைதான். 1960களில் தோன்றிய செம்பு மிகுந்த அமால்கம் குறைவாகவே அரிபடும். எனவே அதன் ஓரம் அடைபடக் கூடுதல் காலம் பிடிக்கிறது.

காம்போசிட்டின் கதை நேர்மாறு. வைத்த அன்று அதன் பிடிப்பு நன்றாக இருக்கும், போகப்போகத் தளரும். இறுகும்போது கன அளவில் சுமார் 2 முதல் 3 விழுக்காடு சுருங்குவதால் சுவரிலிருந்து தன்னையே இழுத்துக்கொள்கிறது. எனாமலை அமிலத்தால் அரித்துப் பிசினைப் பிடிக்கவைக்கும் முறையை மைக்கேல் புவனோகோர் 1955இல் வெளியிட்டார். எனாமல் ஓரத்தில் இன்றும் அதுவே நம்பகமானது. எனாமலுக்கு அடியில், ஈரமும் கொலாஜனும் நிறைந்த டென்டினில் அத்தகைய உறுதி கிடைப்பதில்லை. ஈறை ஒட்டி, எனாமல் இல்லாத வேர்ப்பகுதியில் முடியும் ஓரமே காம்போசிட்டின் பலவீனமான இடம். அடைக்கும் வேளையில் உமிழ்நீர் பட்டுவிட்டால் எந்த ஒட்டுப்பொருளும் பயன் தராது.

வில்சனும் கென்டும் லண்டனில் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய கிளாஸ் அயனோமர், பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிமுறையில் பிணைகிறது. பல்லின் அளவுக்கே விரிந்து சுருங்குகிறது, ஃபுளோரைடையும் வெளியிடுகிறது. வலு குறைவு என்பதால் கடிக்கும் பரப்பில் எளிதில் தேயும். வேரோர அடைப்புக்கு ஏற்றது. தற்காலிக அடைப்பான துத்தநாக ஆக்சைடு-யூஜினால், கிராம்பு எண்ணெயின் சாரத்தால் நுண்ணுயிர்களைத் தடுத்துச் சில வாரங்களுக்கு நன்றாகவே காக்கும். ஆனால் எஞ்சும் யூஜினால், பின்னர் வைக்கும் பிசின் இறுகுவதைக் கெடுக்கக்கூடும்.

கசிவை அளக்க, பிடுங்கிய பல்லை அடைத்து, 5 பாகை செல்சியஸ் நீரிலும் 55 பாகை நீரிலும் மாறிமாறி அமிழ்த்தி, மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தில் ஊறவைத்து அறுத்துப் பார்ப்பது வழக்கம். சாயத்தின் மூலக்கூறு பாக்டீரியாவைவிடப் பன்மடங்கு சிறியது. அது நுழையும் இடமெல்லாம் பாக்டீரியா நுழையாது. ஆகவே சாயச் சோதனையில் முந்தும் பொருள் வாயிலும் நெடுநாள் உழைக்கும் என்று கொள்வதற்கில்லை.