கல்லும் நாவும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் சிகாநாதப் பெருமானை வழிபடச் செல்வோர், குடைவரையாகிய மேலைக்கோயிலின் அருகே பாறையில் ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில் எழுத்துகளைக் காணலாம். அது நிலக்கொடையும் அன்று, போர்வெற்றியும் அன்று. மாணாக்கர் நெஞ்சில் இசையைப் பதிய வைத்தற்கு எழுதப்பெற்ற பாடமாகும்.

கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினது எனப்படும் அக்கல்வெட்டு, சிவபிரானுக்கு வணக்கம் கூறித் தொடங்குகின்றது. உருத்திராசாரியரின் மாணாக்கனும் சிறந்த சிவபத்தனுமாகிய அரசன் ஒருவன், மாணாக்கர் நலங்கருதி இதனைச் செய்தான் என்று முடிகின்றது. மகேந்திரவர்ம பல்லவனே அவன் என்பார் உளர், மறுப்பாரும் உளர். கல்லில் அரசன் பெயர் இல்லை. ஆசிரியர் பெயரே நிற்கின்றது.

பாடத்தின் அமைப்பை நோக்குவோம். இராகத்திற்கு ஒன்றாக ஏழு பகுதிகள். சுரங்கள் நான்கு நான்காகக் கூட்டப்பட்டுள்ளன. பதினாறு கூட்டங்கள் ஒரு வரிசை. அவை யாவும் ஒரே சுரத்தில் முடிகின்றன. அறுபத்துநான்கு சுரங்களை ஒருங்கே மனத்திற் கொள்ளுதல் அரிது. நான்கினைக் கொள்ளுதல் எளிது. முடிவு ஒன்றாயின் அடுத்தது தானே நாவில் வரும். சிறிதாகப் பகுத்தல், முடிவால் பிணைத்தல், முறைமாறாது ஓதுதல் என்னும் மூன்றும் இங்கே விளங்குகின்றன.

நம் திருமுறைகளும் இவ்வாறே அமைந்தன அல்லவா? பதிகந்தோறும் பத்து அல்லது பதினொரு பாடல்கள். பல பதிகங்களில் ஈற்றடி மீண்டும் மீண்டும் வரும். காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் ஒரு பாடலின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகிக் கை கொடுக்கும்.

ஆயினும் கல் மட்டும் போதுமா? குடுமியான்மலைச் சுரங்கள் உயிரெழுத்து மாறி நான்கு வடிவில் வருகின்றன. அவ்வேறுபாட்டின் பொருளில் இன்றும் அறிஞர் ஒன்றுபடவில்லை. எழுத்து நிலைத்தது, ஓதும் மரபு அற்றதனால் இசை மறைந்தது. அண்மையிலுள்ள திருமயத்திலோ, அத்தகைய இசைக் கல்வெட்டின் பெரும்பகுதியை அழித்து, பிற்காலத்தார் வேறு சாசனம் பொறித்தனர். கல்லும் அழியும்!

இதற்கு மறுதலையான செய்தியைத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. நம்பியாண்டார் நம்பிகள் காலத்தில் தில்லையில் தேவார ஏடுகளைக் கறையான் அரித்திருந்தது. பாடல்கள் ஒரு பகுதி கிடைத்தும் பண் தெரியவில்லை. அப்பொழுது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் வழியாகவே பண்முறை மீண்டது என்பர். ஏடு இழந்ததை நாவு காத்தது.

ஓதுதலிலும் முறை உண்டு. ஒரே நாளில் நூறு முறை ஓதுவதினும், நாள்கள் இடையிட்டு ஓதுதல் நெடிது நிற்கும். இதனை 1885ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் எபிங்காசு தம்மையே சோதித்து எழுதினார். நம் ஓதுவார்கள் இதனை வழக்கத்தால் அறிந்திருந்தனர்.

ஆதலின் அன்பர்களே, இன்று ஒரு பதிகத்தைத் தொடங்குங்கள். நாளுக்கு ஒரு பாடலே போதும். அடியடியாகப் பிரித்து வாய்விட்டு ஓதுங்கள். மறுநாட் காலை நூலை மூடிச் சொல்லிப் பார்த்து, அதன் பின்னரே அடுத்த பாடலுக்குச் செல்லுங்கள். வாரம் ஒருமுறை முதலிலிருந்து ஓதுங்கள். வீட்டுச் சிறுவரையும் உடன் அமர்த்துங்கள். நாம் ஓதாவிடில் அச்சிட்ட நூலும் குடுமியான்மலைக் கல்லைப் போல ஊமையாகிவிடும். நம் நாவில் திருமுறை நிலைபெறத் திருவருள் துணை நிற்பதாக!