வண்டி மையும் பேரனின் லாரியும்

இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். கடைசியில் ஒரு பழைய கணக்கையும் தீர்க்க வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரிலிருந்து துடியலூர் வந்திருந்தான். கையில் ஒரு ரிமோட் லாரி. பேட்டரியில் ஓடுவதல்ல, உள்ளே நிஜமான டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டன் நம் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். "நைட்ரோ எஞ்சின் அப்புச்சி. புதுசு, இன்னும் பிரேக்-இன் பண்ணல" என்றான். வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்தான். நாலாவது இழுப்பில் பிடித்தது. புகை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. விளக்கெண்ணெய் கருகும் வாசனை!

எங்கள் தோட்டத்தில் கடலைக்கு ஓரப்பயிராக ஆமணக்கு நிற்கும். வீட்டில் அதன் எண்ணெய் குழந்தைக்கு மருந்து, கண்ணுக்குக் குளிர்ச்சி, விளக்குக்குத் திரி எண்ணெய். மாட்டு வண்டிக்கும் அதுதான். வைக்கோலைக் கரித்து, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார் எங்கள் அப்பாரு. சந்தைக்குப் புறப்படும் முன் அச்சில் தடவாமல் மாடு பூட்ட மாட்டார்.

அதே எண்ணெய் விமானத்தையும் ஓட்டியிருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்து விமானங்கள் பலவற்றில் 'ரோட்டரி' என்ற வகை எஞ்சின் இருந்தது. பிரான்சின் க்னோம் எஞ்சின் அதில் பெயர் பெற்றது. முன்னால் இருக்கும் விசிறியோடு சேர்ந்து சிலிண்டர்களும் சுற்றும். பெட்ரோல் ஆவி எஞ்சினின் வயிற்றுப் பகுதி வழியாகவே போவதால், சாதாரண எண்ணெயை அது கழுவிக் கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. ஆகவே அதையே ஊற்றினார்கள். எரியாத எண்ணெய் விமானியின் முகத்தில் தெறிக்கும். அதைச் சுவாசித்து விமானிகளுக்கு வயிறு கெட்டதாகவும் சொல்வார்கள். நம் பாட்டிமார் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

தேவை அதிகமானபோது அமெரிக்க அரசாங்கம், 1 லட்சம் ஏக்கரில் விதைக்கும் அளவுக்கு ஆமணக்கு விதையைப் பம்பாயிலிருந்து கப்பலில் வரவழைத்தது. நீங்கள் வண்டிக்கு வாங்கும் 'கேஸ்ட்ரால்' ஆயிலின் பெயர் 1909-ல் வைத்தது. அதுவும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'கேஸ்டர்' என்பதிலிருந்து வந்ததுதான்.

சரி, சின்ன எஞ்சினுக்கு வருவோம். ஆரம்பத்தில் பொம்மை விமான எஞ்சினுக்கும் ஸ்பார்க் பிளக், காயில், பேட்டரி எல்லாம் வேண்டியிருந்தது. அந்தச் சுமையோடு பறப்பதே பெரும் பாடு. 1947-ல் அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிளக்கின் உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள். ஸ்டார்ட் செய்ய மட்டும் அதைப் பேட்டரியால் பழுக்க வைக்க வேண்டும். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் கம்பி கனன்றுகொண்டே இருக்கும். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது வினை நடந்து சூடு பிறக்கிறது. எரிப்பின் சூடும் சேர்ந்துகொள்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் டாபரீனரின் மும்மை விதி படித்தீர்கள் அல்லவா? அதே டாபரீனர் 1823-ல் பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சி, தீக்குச்சி இல்லாமல் விளக்கு ஏற்றிக் காட்டினார். வினையூக்கி என்று புத்தகத்தில் படித்தது பேரன் கையில் ஓடுகிறது.

எரிபொருளில் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் என மூன்றும் கலந்திருக்கும். எண்ணெயில் விளக்கெண்ணெய்க்கும் பெரும்பாலும் பங்குண்டு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.5 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோதான். அதே காற்றுக்கு அதிக எரிபொருளை உள்ளே தள்ளலாம் என்பதால்தான் இத்தனூண்டு எஞ்சினுக்கு இவ்வளவு வேகம். ஓர் எச்சரிக்கை: மெத்தனால் விஷம். அது எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகள் கையில் டப்பாவைக் கொடுத்துவிடாதீர்கள்.

புது எஞ்சினில் பித்தளைக் குழல் மேலே போகப் போகச் சற்றுக் குறுகும். அதற்குள் அலுமினியப் பிஸ்டன். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் மேலே போய் இறுக்கிப் பிடிக்கும். சூடேறினால் பித்தளை அதிகமாக விரிந்து, சரியான இடைவெளி கிடைக்கும். அதனால் முதலில் ஹேர் டிரையரால் எஞ்சினைச் சூடாக்கினான் பேரன். கார்புரேட்டர் ஊசியை இடப்பக்கம் திருப்பி எரிபொருளைத் தாராளமாக விட்டான். முழு வேகம் கொடுக்காமல் ஒரு டேங்க் ஓட்டி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து முழுக்க ஆறவிட்டான். மறுபடி சூடு, மறுபடி ஓட்டம். இப்படி ஐந்தாறு டேங்க். அதன்பின் ஊசியைத் துளித்துளியாக வலப்பக்கம் திருப்ப வேண்டும். வேகமெடுக்கும்போது புகைக்கோடு தெரிய வேண்டும். எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மூன்று நான்கு விநாடியில் கொதித்துப் போக வேண்டும். பட்டென்று ஆவியானால் சூடு அதிகம்.

பேரனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது டேங்கிலேயே ஊசியை முறுக்கினான். சத்தம் கணீரென்று ஏறியது. "பாருங்க அப்புச்சி, என்ன வேகம்!" புகை நின்றுவிட்டது. நான் பாய்ந்து நிறுத்தச் சொன்னேன். எரிபொருளைக் குறைத்தால் அதோடு வரும் எண்ணெயும் குறையும். சாகப் போகிற எஞ்சின்தான் கடைசியில் நன்றாகப் பாடும். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

1983. அண்ணன் கடன் வாங்கிப் புது டிவிஎஸ் 50 எடுத்திருந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டோரம் பட்டறை வைத்திருந்தவர் முதல் சர்வீஸ் செய்து கொடுத்தார். "தம்பி, புது வண்டிங்க. கொஞ்ச நாளைக்கு முறுக்காதீங்க. ஆயில் மட்டும் பார்த்து ஊத்துங்க" என்றார். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த நேரம். ஒரு கல்யாணத்துக்கு நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அவசரத்தில் ஆயில் கலக்காமல் பெட்ரோல் போட்டேன். பெரியநாயக்கன்பாளையம் தாண்டி முழு முறுக்கு. காரமடைக்கு முன்னால் பின்சக்கரம் கட்டிக்கொண்டு நின்றது. அரைமணி நேரம் ஆறியதும் ஓடியது. வீட்டில் விட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் ஓட்டும்போது வண்டி அடியோடு நின்றது. பட்டறைக்காரர்தான் கெடுத்தார் என்று அண்ணன் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார். அவர் பிஸ்டனைக் கழற்றினார். பக்கமெல்லாம் கோடு கோடாகக் கீறல். எண்ணெய் இல்லாமல் ஓடியது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாதிச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வண்டி எதுவும் அந்தப் பட்டறைக்குப் போகவில்லை.

அவர் இப்போது இல்லை. அவர் மகன் பின்னாளில் என் வகுப்பில் படித்தான். இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, உன் அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை. அண்ணா, வண்டியைக் கெடுத்தது நான்தான். நாற்பது வருடத்துக்கு மேல் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த முறை வரும்போது திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பேரனின் லாரி ஆறாவது டேங்கை முடித்துவிட்டது. புகைக்கோடு நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், துடியலூர்