பூப்பந்துப் பை வாங்கப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, பாரிஸ் உலக வெற்றியாளர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பேர்லி டான் - எம். தினா இணை வெள்ளிப் பதக்கம் வென்றது. அந்தப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சென்ற முதல் மலேசிய மகளிர் இரட்டையர் இணை இவர்கள்தான். தினா கிள்ளானைச் சேர்ந்தவர். அவரைப் பார்த்து ரேக்கட் பிடித்த பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைய பேர்.

ரேக்கட் வாங்கியாச்சு, ஷூ வாங்கியாச்சு. அடுத்த கேள்வி, எந்தப் பை? கடையில் '3 ரேக்கட் பை', '6 ரேக்கட் பை', '9 ரேக்கட் பை' என்று வரிசையாகத் தொங்கும். பெரியதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு மாலை 6 மணிக்கு கே.எல். சென்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறிப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும்.

தப்பான பை வாங்கினால் பணம் மட்டும் வீணாகாது. தோள்வலி, வெயிலில் தளர்ந்த ஸ்ட்ரிங், மோட்டாரில் ஆபத்து என்று பிரச்சனைகள் தொடரும். இதோ, விளக்கம்.

தேசிய ஆட்டக்காரர்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய பை?

ஆட்டத்தின் நடுவில் ஸ்ட்ரிங் அறுந்தால், அதை மாற்றும் வரை ஆட்டம் காத்திருக்காது. உடனே வேறு ரேக்கட்டை எடுத்து ஆட வேண்டும். அதனால் ஒரே மாதிரி ஸ்ட்ரிங் போட்ட பல ரேக்கட்டுகளைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கொண்டு போகிறார்கள். அதோடு மாற்றுச் சட்டைகள், இரண்டு ஜோடி ஷூ, டேப், துண்டு. அவர்களுக்கு அந்தப் பை தேவை.

வாரம் இரண்டு நாள் நண்பர்களோடு இரட்டையர் ஆடும் உங்களுக்கு? பெரும்பாலும் இரண்டு ரேக்கட் போதும். ஒன்று அறுந்தால் மற்றொன்று.

'6 ரேக்கட்' என்றால் உண்மையில் ஆறு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் உறை இல்லாமல், வேறு எதுவும் வைக்காமல். அந்த எண் பையின் பருமனைச் சொல்லும் ஒரு வழக்கம்தான். 6 ரேக்கட் பையில் பொதுவாக இரண்டு பெரிய அறைகள் இருக்கும். ஓர் அறையில் ரேக்கட், மற்றொன்றில் துணி, ஷூ, ஷட்டல் என்றுதான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். 9 ரேக்கட் பையில் மூன்று அறைகள்.

எண்ணைப் பார்க்காமல் அறைகளைப் பார்த்து வாங்குங்கள். ஷூவுக்குத் தனி அறை இருக்கிறதா, ஈரத்துணியைப் பிரித்து வைக்க இடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

பையில் எது கனம்?

ஒரு சாதாரண ஆட்ட நாளுக்கான பையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லாம் ஏறக்குறைய எடைதான்.

- ரேக்கட் 2: சுமார் 200 கிராம். '4யு' என்று குறித்த ரேக்கட்டின் எடை 80 முதல் 84 கிராம், '3யு' 85 முதல் 89 கிராம். ஸ்ட்ரிங், கிரிப் சேர்ந்தால் கொஞ்சம் கூடும்.
- ஷட்டல் ஒரு டியூப்: சுமார் 150 கிராம். விதிப்படி ஒரு ஷட்டல் 4.74 முதல் 5.50 கிராம் வரைதான் இருக்க வேண்டும். பன்னிரண்டு ஷட்டல் சேர்ந்தாலும் 60 கிராம் சுமார்தான், மீதி டியூபின் எடை.
- ஷூ: 650 கிராம்
- சட்டை, கால்சட்டை, துண்டு: 700 கிராம்
- கைபேசி, பணப்பை, பவர்பேங்க்: 500 கிராம்
- ஒன்றரை லிட்டர் தண்ணீர்: 1.5 கிலோ
- பையின் சொந்த எடை: சுமார் 1 கிலோ

மொத்தம் 4.7 கிலோ. இதில் ரேக்கட்டின் பங்கு 5 விழுக்காடு கூட இல்லை! தண்ணீர்தான் பெரிய பாரம். கல்லூரி அல்லது வேலை முடிந்து நேராக ஆடப் போகிறவர் என்றால் மடிக்கணினியும் சார்ஜரும் சேர்ந்து இன்னும் 2 கிலோ. ஆக 6.7 கிலோ.

பிள்ளைகளின் முதுகுப்பை உடல் எடையில் 10 முதல் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு 6.7 கிலோ என்பது 13 விழுக்காட்டுக்கும் மேல். அதை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு போனால் பாரம் முழுவதும் ஒரு பக்கம் இறங்கும். பலரும் ரேக்கட் பிடிக்கும் தோளிலேயே மாட்டுகிறார்கள். ஸ்மாஷ் அடிக்க வேண்டிய தோள் ஆடும் முன்பே களைத்துவிடும்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. காலி போத்தலைக் கொண்டு போய் மண்டபத்திலோ பக்கத்துக் கடையிலோ தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். பையில் இரண்டு தோள்வார் இருக்கட்டும். அகலமாக, பஞ்சு வைத்ததாக இருந்தால் நல்லது.

ரயிலில் போகிறவருக்கு எது சரி?

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலை அல்லது படிப்பு, வீடு கிள்ளானில், ஆட்டம் நடுவில் எங்கோ ஒரு மண்டபத்தில். இப்படி கே.டி.எம். கொமூட்டரிலும் எல்.ஆர்.டி.யிலும் அலைகிறவர்களுக்கு முதுகுப்பை வகைதான் வசதி. மடிக்கணினிக்குத் தனி அறை, அடியில் ஷூ அறை, ரேக்கட்டின் பிடி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அமைப்பு உள்ள பைகள் யோனெக்ஸ், லி-நிங், விக்டர் என்று பல நிறுவனங்களிலும் கிடைக்கின்றன.

நெரிசல் நேரத்தில் பையை முன்பக்கம் மாட்டுங்கள், அல்லது கழற்றிக் கால்களுக்கு நடுவில் வையுங்கள். முதுகில் நீளமான பையோடு திரும்பினால் பின்னால் நிற்பவர் முகத்தில்தான் இடிக்கும். தரையில் வைக்கும்போது தானாக நிற்கும் அளவுக்கு அடிப்பகுதி கெட்டியாக இருக்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள்.

மோட்டாரில் போகிறவருக்கு?

இங்கேதான் ரொம்ப கவனம் வேண்டும். ரேக்கட்டின் நீளம் விதிப்படி 68 செ.மீ. வரை இருக்கலாம். அதை வைக்கும் நீளப் பை 75 செ.மீ. சுமார் வரும். மோட்டாரில் உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உங்கள் தோள் வரை ஏறக்குறைய 60 செ.மீ.தான். அப்படியென்றால் முதுகில் நேராக மாட்டிய பையின் அடி இருக்கையில் இடிக்கும், மேல்பகுதி ஹெல்மெட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். தலையைத் திருப்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பது சிரமம்.

குறுக்காக மாட்டினால் இன்னும் ஆபத்து. உடம்பைவிட அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும் பை, கார்களுக்கு நடுவே புகுந்து போகும்போது கண்ணாடியில் தட்டலாம்.

மோட்டார்காரர்களுக்கு ஒல்லியான 3 ரேக்கட் பையோ முதுகுப்பையோ போதும். ஷூவையும் துணியையும் மோட்டார் பெட்டியில் வைத்துவிடுங்கள். நெஞ்சுப்பட்டி இருந்தால் பை ஆடாது. மழைக்கு உறை கட்டாயம். நம்ம ஊர் மாலை மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

காரில் போகிறவருக்கு எந்தப் பையும் சரிதானே?

அளவு பிரச்சனை இல்லை. 6 அல்லது 9 ரேக்கட் பை தாராளமாகப் போகும். இங்கே பிரச்சனை வெப்பம்.

"அடுத்த வாரமும் ஆடப் போறோம், கார்லயே இருக்கட்டும்லா" என்று விட்டுவிடுவோம். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். பூப்பந்து ஸ்ட்ரிங் பெரும்பாலும் நைலான் வகை. சூட்டில் அது நெகிழ்ந்து இழுவிசையை இழக்கும். 26 பவுண்டில் போட்ட ஸ்ட்ரிங் ஆடாமலேயே தளர்ந்துவிடும். மறுபடி போட சில பத்து ரிங்கிட். கிரிப்பின் பசையும் இளகும்.

"என் பையில் வெப்பக் காப்பு அறை இருக்கே?" என்று கேட்கலாம். உள்ளே வெள்ளித்தாள் மாதிரி பளபளப்பது அதுதான். அது சூடு உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது. கார் நிறுத்தத்திலிருந்து மண்டபம் வரை, அல்லது ஒரு மணி நேரம் சாப்பிடப் போகும்போது உதவும். காலை முதல் மாலை வரை காரில் கிடந்தால் பையின் உள்ளேயும் அதே சூடுதான். அதனால் வெப்பக் காப்புக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, பையை வீட்டுக்குள் எடுத்து வருவதே மேல்.

நம்ம ஊர் ஈரப்பதம் என்ன செய்யும்?

மூன்று விஷயங்கள்.

முதலாவது, பூஞ்சை. ஆடி முடித்து மாமாக்கில் தே ஆயிஸ் குடித்துவிட்டு நள்ளிரவு வீடு திரும்பி, பையைத் திறக்காமலே தூங்கிவிட்டால், மறுநாள் வாசனையே சொல்லிவிடும். பல ரேக்கட்டுகளின் கைப்பிடி மரத்தால் ஆனது. வியர்வை ஈரம் தொடர்ந்து இருந்தால் கிரிப் மட்டுமல்ல, அடியில் உள்ள மரமும் கெட்டுப்போகும். காற்றுத் துளை உள்ள ஷூ அறை, ஈரத்துணிக்கு ஒரு தனி பிளாஸ்டிக் பை, ரேக்கட் அறையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். இவ்வளவு போதும்.

இரண்டாவது, தோல் உரிதல். பளபளப்பான பல பைகளின் மேல்பூச்சு பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன். ஈரப்பதத்தில் அது சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இது நடக்கும். பழைய பை வாங்குகிறவர்கள் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் வேண்டாம். நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் பாலியஸ்டர் அல்லது நைலான் துணிப் பை நல்ல தேர்வு.

மூன்றாவது, ஷட்டல். இறகு நசுங்கினால் ஷட்டல் நேராகப் பறக்காது. டியூப் சுமார் 40 செ.மீ. நீளம். அது மூடியோடு, ஷூவுக்கு அடியில் சிக்காமல் படுத்திருக்க இடம் உண்டா என்று பாருங்கள்.

விமானத்தில் கொண்டு போக முடியுமா?

சபா, சரவாக்கில் போட்டி என்றால் இந்தக் கேள்வி வரும். ஏர்ஏசியா, மலேசியா ஏர்லைன்ஸ் இரண்டிலும் சாதாரண டிக்கெட்டுக்குக் கைப்பை அளவு 56 x 36 x 23 செ.மீ., எடை 7 கிலோ. ரேக்கட் நேராக வைத்தால் நுழையாது. சாய்த்து வைத்தாலும் 56 x 36-இன் மூலைவிட்டம் 66.6 செ.மீ.தான். எனவே நீளப் பையைக் கவுன்டரில் கேட்காமல் நேராக விமான வாசலுக்குக் கொண்டு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே விளையாட்டுப் பொருள் விதியைப் படித்துவிடுங்கள். அறுந்த ஸ்ட்ரிங்கை வெட்ட வைத்திருக்கும் கத்தரிக்கோலைப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் ரேக்கட்டையும் ஷூவையும் கையோடு கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

1. எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஜிப்பை மூடுங்கள். இழுத்து மூட வேண்டியிருந்தால் பை சிறியது.
2. ஜிப்பை ஐந்து ஆறு முறை திறந்து மூடுங்கள். வளைவில் சிக்கினால் வேண்டாம். முதலில் கெடுவது பெரும்பாலும் ஜிப்தான்.
3. தோள்வார் பையோடு சேரும் இடத்தில் தையல் இரட்டையாக இருக்கிறதா?
4. மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் கடைக்குள் நடங்கள்.
5. காலிப் பையின் எடையைத் தூக்கிப் பாருங்கள். காலியாகவே கனத்தால் நிரம்பினால் எப்படி இருக்கும்?

அப்போ, யாருக்கு எது?

- இப்போதுதான் ஆடத் தொடங்கிய பள்ளி மாணவர்: ரேக்கட்டோடு வரும் உறையும் பழைய முதுகுப்பையும் போதும். ஆறு மாதம் தொடர்ந்து ஆடிய பிறகு வாங்கலாம்.
- ரயில், வேலை, கல்லூரி: ஷூ அறை உள்ள முதுகுப்பை.
- மோட்டார்: ஒல்லியான பை, நெஞ்சுப்பட்டி, மழை உறை.
- கார், வாரம் இரண்டு மூன்று ஆட்டம்: 6 ரேக்கட் பை, இரண்டு தோள்வாரோடு.
- மாவட்ட, மாநிலப் போட்டி ஆடுகிறவர்: 9 ரேக்கட் பை. நான்கு ரேக்கட்டும் இரண்டு ஷூவும் உண்மையாகவே கொண்டு போகிறீர்கள் என்றால் மட்டும்.

மிச்சமாகும் பணத்தில் என்ன செய்வது? ஷட்டல் வாங்குங்கள். விலை ஏறிக்கிடக்கும் இந்த நேரத்தில், இரட்டையர் ஆட்டத்தில் ஒரு டியூப் கொண்டு வருகிறவருக்கு எப்போதும் வரவேற்பு உண்டு.