மக்களாட்சியும் அரசு அலுவலரும்

நாடாளுமன்றம் சட்டம் இயற்றும், அமைச்சரவை ஆணையிடும், அவ்வாணையை ஊருக்குள் கொண்டு செல்பவர் அரசு அலுவலர். இதனைப் பள்ளியிலே பாடமாகக் கற்பிக்கின்றோம். மூன்றாவது கண்ணி அறுந்தால் முன்னிரண்டும் என்னவாகும் என்பதை மதுரை மாவட்டத்தாராகிய நாம் பத்தாண்டுக் காலம் கண்ணாரக் கண்டோம்.

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் இதுபற்றி எச்சரித்திருந்தார். அரசியலமைப்பின் வடிவை மாற்றாமலே, நிர்வாக முறையை மாற்றி அதன் உயிரைப் போக்கிவிட இயலும் என்பது அவர் கருத்து.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், மேலவளவு ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவிகள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. மேலவளவில் ஒருமுறை தேர்தல் நின்றது. மறுமுறை வாக்குச்சாவடி தாக்கப்பட்டது. பின்னர் பலத்த காவலுடன் நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று, நம் கோரிப்பாளையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து திரும்புகையில், பேருந்தை மறித்து அவரையும் உடன்வந்தோரையும் வெட்டிக் கொன்றனர். வாக்குப் பெட்டியைக் காத்த நிர்வாகம் வென்றவரைக் காக்கவில்லை.

உசிலம்பட்டிப் பகுதியின் ஏனைய மூன்று ஊர்களில் வேறு வழி கையாளப்பட்டது. தேர்தல் பலமுறை அறிவிக்கப்படும். மனுச்செய்ய ஒருவரும் வாரார். அன்றேல், ஊராரால் நிறுத்தப்பட்டு வென்றவர் பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் தருவார். அலுவலர் அதனைப் பெற்றுக்கொண்டு கோப்பை மூடுவார். விதிமுறையில் பிழையில்லை, நீதிதான் இல்லை. வாக்குச்சாவடிப் பணிக்குச் செல்லும் ஆசிரியராகிய நாமும் இவ்வியந்திரத்தின் உறுப்பே ஆதலின், சற்றுத் துணிந்தே இதனை எழுதுகின்றோம்.

2006இல் மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த திரு. உதயச்சந்திரன் அவ்வூர்களுக்கு நேரிற்சென்று, இருதரப்பு மக்களுடனும் மீண்டும் மீண்டும் பேசினார். முழுப் பெருமையும் அவருக்கே என்போமாயின் அது மிகை. கட்சிகளும் இயக்கங்களும் ஆண்டுக்கணக்கிற் போராடியிருந்தன. புதிய அமைச்சரவையும் உறுதியாக நின்றது. எனினும் சட்டம் அதே சட்டம், ஊரும் அதே ஊர். அதனைக் கையிலேந்திய அலுவலர் வேறு. அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு அலுவலரின் பதவிக்குக் காப்பளித்திருப்பது அஞ்சாது கடமையாற்றுதற்கே. கோப்புக்குப் பின்னே ஒளிந்துகொள்வதற்கன்று. குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் இளைஞர்கள் இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

2006 அக்டோபரில் மூன்று ஊர்களிலும் வாக்குப்பதிவு நடந்தேறியது. வென்றோர் பொறுப்பேற்றனர். இம்முறை எவரும் விலகல் கடிதம் கொண்டுவரவில்லை.