ஈரத்தில் இறுகும் பசை

பங்சார் அடுக்குமாடி வீடுகளில் மர நாற்காலிகள் ஆட்டம் காண நமது பருவநிலையும் ஒரு காரணம். வெளியே காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். உள்ளே குளிர்சாதனம் அந்த ஈரத்தை இழுத்துவிடும். மரம் உப்பிச் சுருங்க, இணைப்பு தளர்கிறது.

அதை மீண்டும் ஒட்ட பாலியூரித்தேன் பசையைச் சிலர் நாடுகின்றனர். பாலியூரித்தேன் 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டுபிடித்தது. இந்தோனேசியத் தேக்குத் தளவாடத் தொழிலில் பயன்பட்ட இவ்வகைப் பசையே 1994இல் அமெரிக்காவில் கொரில்லா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கடையில் கேட்கும்போது 'பசை' என்று சேர்த்துச் சொல்வது நல்லது. வெறுமனே 'பியு' என்றால் மரத்துக்குப் பூசும் வார்னிஷைக் கொடுத்துவிடுவார்கள்.

வெள்ளைப் பசை தன்னிலுள்ள நீரை இழந்து காய்கிறது. இதுவோ நீரை வாங்கி இறுகுகிறது. குளிர்நாடுகளில் ஒட்டுவதற்கு முன் மரத்தை ஈரத்துணியால் துடைக்கச் சொல்வது அதனால்தான். நம் ஊரில் குளிர்சாதன அறையில் நாள்பட இருந்த மரத்துக்கு மட்டும் அது தேவைப்படலாம்; அப்போதும் ஒரு பக்கத்தை லேசாகத் துடைத்தால் போதும்.

இறுகும்போது கரியமில வாயு வெளியேறுவதால் பசை மூன்று, நான்கு மடங்கு நுரைத்துப் பொங்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். நுரை இடைவெளியை நிரப்பிவிட்டது போல் தோன்றும். ஆனால் அதற்கு வலு இல்லை. பொருந்தாத இணைப்பை முதலில் செதுக்கிச் சரிசெய்ய வேண்டும். பிறகு மெல்லிய படலமாகப் பசை தடவி, கிளாம்ப் போட்டு இரண்டு மணி நேரமாவது இறுக்கி வைக்க வேண்டும். முழு வலு பெற ஒரு நாள் ஆகும். பிதுங்கிய நுரையை உடனே துடைத்தால் மரத்தில் அப்பிக்கொள்ளும். காய்ந்தபின் உளியால் சீவலாம். பிசின் நிறைந்த செங்கால், எண்ணெய்ப் பசையுள்ள தேக்கு ஆகியவற்றை ஒட்டுமுன் அசிட்டோனால் துடைப்பது வழக்கம்.

ரப்பர் மரத்தின் கதை வேறு. பங்சார் என்ற பெயரே புங்கே, கிரிசார் என்ற இருவரின் பெயரால் அமைந்த ரப்பர் தோட்டத்திலிருந்து வந்ததுதான். பால் குறைந்து வெட்டப்பட்ட மரம் ஒரு காலத்தில் விறகானது. இன்று நாட்டின் தளவாடத் தொழிலுக்கு அதுவே முக்கிய மூலப்பொருள். ஆனால் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். பசை நீரைத் தாங்கும் என்று நம்பி அந்த நாற்காலியை மழைச்சாரல் படும் பால்கனியில் போட்டால், பசை நிற்கும், மரம் நிற்காது. வீட்டுக்குள் வைப்பதற்கு விலை குறைந்த வெள்ளைப் பசையே போதும்.

இப்பசையிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதிக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், அடுத்து மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள் சன்னலைத் திறந்து, நைட்ரைல் கையுறை அணிந்து வேலை செய்ய வேண்டும். தோலில் பட்டுக் காய்ந்த கறை சோப்புக்குப் போகாது. தானாக உதிர நாள்கள் ஆகும்.

பயன்படுத்தியபின் புட்டியை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடாவிட்டால், நம் ஈரக்காற்றில் மிச்சம் கல்லாகிவிடும். நாய் வளர்ப்போர் புட்டியை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இனிப்புச் சுவையால் நாய்கள் கடித்து விழுங்குவதுண்டு. வயிற்றில் அது பொங்கிக் கட்டியானால் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க முடியும்.