வெள்ளி ரூபாயும் மாற்றுலோக நாணயங்களும்

1835 முதல் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் பொது நாணயமாக விளங்கிய வெள்ளி ரூபாய், 180 கிரெயின் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளியும் உடையது. ஒரு ரூபாயின் எடையே ஒரு தோலா. மூன்று தோலா ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை என்பது சென்னை ராஜதானியின் நிறுத்தலளவை வாய்பாடாதலின், தென்னாற்காடு ஜில்லாவின் விழுப்புரம், திண்டிவனம் தாலுகாக்களில் ரூபாய் பணமாகவும் எடைக்கல்லாகவும் ஒருங்கே பயன்பட்டது. மல்லாட்டை என்று இங்கே வழங்கும் நிலக்கடலை, 1879-இல் திறந்த விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை வழியே துறைமுகம் சேர்ந்து மார்சேலுக்குக் கப்பலேறிய காலத்தில், விளைபொருளுக்கு விலையாகக் காகிதத்தைக் காட்டிலும், கல்லில் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் ரூபாயையே குடியானவர் விரும்பினர். அந்த விருப்பத்தில் பேதைமை ஏதுமில்லை.

முதல் உலக யுத்தத்தில் வெள்ளி விலை ஏறி, நாணயத்தின் உலோக மதிப்பு முகமதிப்பை மிஞ்சத் தலைப்பட்டபோது, சர்க்கார் 1917-இல் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டதோடு, மறு ஆண்டு அமெரிக்காவிலிருந்து 20 கோடி அவுன்ஸ் வெள்ளியும் பெற்றது. 1919-இல் தாமிர-நிக்கல் கலவையில் வந்த எட்டணா, கள்ளநாணயக்காரருக்கு எளிதாக இரையாகி விரைவில் மீட்கப்பட்டது.

இத்தகைய குறைகளைத் தவிர்க்க, புதிய உருவையோ உலோகத்தையோ பரீட்சிக்கும்பொருட்டு அக்கசாலை சிற்சில பிரதிகளே அடிப்பது மாதிரி நாணயம் எனப்படும். மாதிரி நிலையிலேயே களைந்திருக்க வேண்டிய குறையைக் கடைவீதி கண்டுபிடித்ததும் உண்டு: 1911-ஆம் ஆண்டு ரூபாயில், ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தோன்றுவதாக ஆட்சேபம் எழவே, மறு ஆண்டு அச்சில் அதன் உருவம் திருத்தப்பட்டது.

இரண்டாம் யுத்தத்தை ஒட்டி, வெள்ளியிலிருந்து மாற்றுலோகத்துக்கான மாற்றம் முற்றுப்பெற்றது. 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்து, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு சேர்ந்தன. போலியைத் தடுக்க விளிம்பில் தனிக்காப்பும் அமைந்தது. விக்டோரியா ரூபாய்கள் 1941-இல் சட்டச் செலாவணி இழந்தன. ஆயினும், வெள்ளி மிகுந்த பழையவற்றைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு, குறைந்தவற்றையே கைமாற்றுவது மனித இயல்பு. 1947-இல் வந்த புலிச்சின்ன ரூபாயோ முழு நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கா 1965-இல், செம்புக் கருவின் இருமருங்கும் தாமிர-நிக்கல் தகடு பொதிந்த உறைநாணயத்தை மேற்கொண்டது. இந்தியாவோ அதற்கு முன்பே, 1950-இல் அசோகச் சிங்கமுகம் தாங்கிய ரூபாயையும் நிக்கலிலேயே தொடர்ந்தது. இரண்டாம் யுத்தகாலத்தில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியை, பாதிவெள்ளி நாணயங்களை உருக்கிப் பிரித்தெடுத்து, 1957-இல் திருப்பிக் கொடுத்தது.